நெற்றியில் வைத்த பந்தயக் காசு

நாற்பது பேர் கூடியிருந்த வீட்டில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றுகூட இல்லை. இந்தக் காலத்தில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படப் போவதில்லை. பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாவது மாடியில் செத்துப்போன மண்ணாங்கட்டியைக் கிடத்தி, தாடைக்குத் துணி கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாகிவிட்டது. நெற்றியில் வைக்கத்தான் காசு இல்லை. ஆண்கள் எல்லோரும் சட்டைப் பையைத் தடவினார்கள். எல்லார் கையிலும் செல்போன்தான் வந்தது.

"யார்னா ஒத்த ரூபா குடுங்கப்பா" என்று முதல் மாடி ஆரோக்கியமேரி வாசலில் நின்று கேட்டாள்.

"ஜிபே தான் கீது" என்றான் விக்கி, செத்தவரின் தம்பி மகன். சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் நின்று சொல்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

உண்மையில் அந்த வீட்டில் ஒரு ரூபாய் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று கன்னியம்மாவுக்கு மட்டும் தெரியும். மூன்று நாளுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த கையோடு, மஞ்சளில் நனைத்த துணியில் அதை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தாள். முண்டகக்கண்ணி அம்மனிடம் அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "நாலு மணி டீக்கு இந்த மனுசன் வூட்டுக்கு வந்துடணும் தாயே" என்றாள், அவ்வளவுதான். முடிந்த காசு அம்மனுடைய காசு. அதை அவிழ்த்துக் கொடுத்தால், வேண்டுதலை அவளே வாபஸ் வாங்கினது மாதிரி ஆகும். எதிரே மாலை போட்டுப் படுக்கவைத்திருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே அவள் இப்படி நினைத்தாள். அந்த நேரத்தில் யாருடைய புத்தியும் ஒழுங்காக வேலை செய்யாது.

அவள் எழுந்து ஷோகேஸைத் திறந்து, அவருடைய பந்தயக் காசை எடுத்து ஆரோக்கியமேரி கையில் கொடுத்தாள்.

மண்ணாங்கட்டி மந்தைவெளியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொட்டிவாக்கம் தாண்டி ஈ.சி.ஆரில் பறக்கிற விலையுயர்ந்த சைக்கிள்களுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். அப்படி வந்துபோன ஹபீபுர் ரஹ்மான் என்கிற காலேஜ் வாத்தியார் ஒருமுறை பிரான்ஸ் போய், வருஷா வருஷம் ஜூலையில் மூன்று வாரம் நடக்கும் அந்தப் பெரிய சைக்கிள் பந்தயத்தை ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார். வரும்போது பந்தயத்தின் ஞாபகார்த்தமாக அடித்த காசு ஒன்றைக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தார். சுற்றிலும் வெள்ளி நிறம், நடுவில் பொன்னிறம், ஓரத்தில் குட்டி நட்சத்திரங்கள். நடுவில் ஒரு ஆள் முதுகை வளைத்து, தலையைக் குனிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டிருப்பான். உள்நிறமும் வெளிநிறமும் மட்டும் இடம் மாறியிருக்கும், மற்றபடி தூரத்திலிருந்து பார்த்தால் அசல் நம்ம ஊர்ப் பத்து ரூபாய்.

ஜூலை வந்தால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். செல்போனில் பந்தயத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லோரும் முன்னணியில் இருக்கிற மஞ்சள் பனியன்காரனைப் பார்த்தால் இவர் கடைசியாக வருகிறவனைத்தான் பார்ப்பார். "கடைசியா வர்றவன்கூட கோட்டைத் தொட்டுட்டா எறங்கி ஒக்காந்துக்கலாம் கன்னி. தொடாம நடுவுல மாட்டிக்கினு மெதிக்கிறான் பாரு, அவன்தான் பாவம்" என்பார். இந்த வருஷப் பந்தயம் தொடங்கி ஒரு வாரத்தில் அவர் செத்துப்போனார்.

ஆரோக்கியமேரி காசை உற்றுக்கூடப் பார்க்கவில்லை. "பத்து ரூபாவா, பரவால்ல" என்று சந்தனத்தைக் குழைத்து நெற்றியில் ஒட்டிவிட்டாள்.

அவருக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்ததற்கே ஒரு காரணம் உண்டு. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாவது பிழைக்கட்டும் என்று, எமன் கேட்டாலும் வேண்டாம் என்று போகிற மாதிரி ஒரு பெயரை வைத்தாள் அவருடைய அம்மா. "நம்ம பேரப் பாத்தா அவனே லிஸ்ட்ட மூடிட்டு போயிடுவான்" என்று அறுபத்தொரு வயது வரை அவர் சிரித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கன்னியம்மாவும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பால் தெளிக்கப் போன விக்கி, சுடுகாட்டிலிருந்து அந்தக் காசோடு திரும்பி வந்தான். நெற்றிக்காசு அங்கே வேலை செய்கிறவருக்குச் சேர வேண்டியது. காலங்காலமாக அப்படித்தான். ஆனால் அங்கிருந்த வெள்ளைச்சாமி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"டீக்கடைல வாங்கமாட்றான், பஸ்லயும் வாங்கமாட்றான், நீயே வெச்சிக்க நைனான்னாரு." விக்கி காசை அவள் கையில் வைத்தான். "இன்னொண்ணும் சொன்னாரு பெரிம்மா. இருவது வருசமா நெத்திக்காசு வாங்குறாராம். எல்லாம் சில்லுன்னு தான் இருக்குமாம். இது மட்டும் மூணு நாளாவும் சூடு ஆறலயாம்."

சூட்டைப் பற்றிக் கன்னியம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முப்பது வருஷமாக ராஜா அண்ணாமலைபுரத்தில் இஸ்திரி வண்டி போடுகிறவள். விரலை எச்சிலில் தொட்டுப் பெட்டியின் அடியில் வைத்தால், பட்டுக்கு ஆகுமா பருத்திக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவாள். அதே மாதிரி விரலை நனைத்துக் காசின்மேல் வைத்தாள். அது நெருப்பில் கிடந்த சூடு இல்லை. வெயிலில் கிடந்த சூடும் இல்லை. உள்ளங்கையில் ரொம்ப நேரம் பொத்திவைத்திருந்தால் வருமே, அந்தச் சூடு. அவள் அதை ஷோகேஸில் பழைய இடத்திலேயே வைத்தாள்.

மறுநாள் நாலு மணிக்குக் கீழே சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது.

இங்கே அந்தக் கூடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடியிருப்பில் லிஃப்ட் கிடையாது. மாடி வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஜன்னலில் நைலான் கயிறு கட்டிய பிளாஸ்டிக் கூடை வைத்திருப்பார்கள். கீரைக்காரர் கூவினால் கூடை இறங்கும். காசு கூடையில் போகும், கீரை கூடையில் வரும். பத்து ரூபாய் நாணயத்தைப் போட்டால் மட்டும் கீரை வராது. செல்லாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர் வாங்கவே மாட்டார். காசைக் கூடையிலேயே விட்டுக் கயிற்றை இரண்டு சுண்டு சுண்டுவார். இது ஆகாது, வேறு கொடு என்று அர்த்தம். அதற்கு யாரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

மண்ணாங்கட்டிக்கு முழங்கால் வலி. நாலு மணி டீக்காக மாடி ஏறி இறங்க முடியாது. கீழே வந்து மணியை இரண்டு தடவை அடிப்பார். கன்னியம்மா டம்ளரை மூடிக் கூடையில் வைத்து இறக்குவாள். சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஒரு காலைப் படியில் ஊன்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கூடையில் வைத்துக் கயிற்றை ஒரே ஒரு சுண்டு சுண்டிவிட்டுக் கடைக்குப் போவார். இது பதினோரு வருஷப் பழக்கம்.

பழக்கத்துக்குப் புத்தி கிடையாது. மணி அடித்ததும் அவள் கை டம்ளரைக் கூடையில் வைத்து இறக்கத் தொடங்கிவிட்டது. கயிறு பாதி இறங்கிய பிறகுதான் அவள் என்ன செய்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது. ஆனால் கையை நிறுத்தவில்லை. கூடை தரையைத் தொட்டது. ஒரு டீ குடிக்கிற நேரம் ஆனது. கயிறு இரண்டு தடவை சுண்டியது.

மேலே இழுத்தபோது டம்ளர் காலியாக இருந்தது. பக்கத்தில் பந்தயக் காசு கிடந்தது. திரும்பி ஷோகேஸைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு சாத்தியபடி இருந்தது, காசு வைத்த இடம் வெறுமையாக இருந்தது.

கன்னியம்மாவுக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. எமன் வாசலிலும் அந்தக் காசை வாங்கவில்லை. போய் நின்றவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வேறு காசு கேட்டு வந்திருக்கிறார். கேட்கிற காசு சாமி படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் இருக்கிறது. அதைக் கொடுத்தால் அவர் போய்விடுவார். கொடுக்காவிட்டால் நாளைக்கும் வருவார்.

அவள் கொடுக்கவில்லை. காசை அரிசி டிரம்முக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவைத்துவிட்டு, ஒன்றும் புரியாதவள் மாதிரி டம்ளரைக் கழுவினாள்.

மறுநாள் நாலு மணிக்கு மணி அடித்தது. காசு கூடையில் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தீட்டு வீட்டுக்காரியிடம் யார் துணி கொடுப்பார்கள், பதினாறு முடியும்வரை இஸ்திரி வண்டிக்கு லீவு. வேலை என்று அவளுக்கு இருந்தது அந்த ஒரு டீதான். பாலைக் கூடுதலாக ஊற்றினாள். உயிரோடு இருந்தவரை சர்க்கரை வியாதி என்று அரை ஸ்பூனுக்கு மேல் போடமாட்டாள். இனி ஏறி என்ன ஆகப்போகிறது என்று இரண்டு ஸ்பூன் தாராளமாகப் போட்டாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் நாலு மணிக்கு ஒருவர் வருகிறார் என்றால் அது சின்ன விஷயமா? கீழே மட்டும் எட்டிப் பார்க்கமாட்டாள். பார்த்து, அங்கே யாரும் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பத்தாம் நாள் விக்கி வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பெரிம்மா, பெரிப்பா சைக்கிள யாரு எட்துக்கினு போறது?"

"மாடிப்படிகிட்ட தான பூட்டி வெச்சிக்கீது. சாவி எங்கிட்ட கீது."

"பூட்டு போட்டாமாரியே தான் கீது. ஆனா டயரு தேஞ்சி போச்சு. போன மாசம் தான் ரெண்டும் புதுசா மாட்னாரு, நா கூட இருந்தேன். இப்ப கோடே இல்ல, வழுவழுன்னு கீது. ரெண்டாயிரம் கிலோமீட்டர் ஓடினாமாரி."

கன்னியம்மா எழுந்து, சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். நாலு மணி டீக்காக அவர் எங்கிருந்து வருகிறார், எவ்வளவு தூரம் வருகிறார் என்று அவள் அதுவரை ஒருதடவைகூட யோசித்ததில்லை. சுடுகாட்டிலிருந்து சீனிவாசபுரத்துக்கு என்ன தூரம், நடந்தால்கூடக் கால் மணி நேரம் என்று ஏதோ ஒரு கணக்கில் இருந்துவிட்டாள்.

பன்னிரண்டாம் நாள் ஆரோக்கியமேரி மேலே வந்தாள். கையில் ஜெபமாலை இருந்தது. எப்போதும் வாய் ஓயாத பொம்பளை, கதவுக்கு வெளியிலேயே நின்றாள்.

"யக்கா, டெய்லி நாலு மணிக்கு யாருக்கு டீ வுடுற?"

"சும்மா தான். பழக்க தோஷம்."

"எங்கிட்ட பொய் சொல்லாத. ஒன் கூடை எங்கூட்டு ஜன்னல தாண்டி தான் போவுது. மொத ரெண்டு நாளு கீழ தான் நின்னுச்சு போல. நேத்து கூடை கீழ போறதுக்குள்ளாரயே, எங்க ஜன்னல் வரைக்கும் கை வந்துச்சு. ஆள் இல்ல. கை மட்டும். நகத்துல கிரீஸு." அவள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்தாள். "அந்தக் கை ஆடுது யக்கா. டம்ளர புடிக்க முடியல. ரெண்டு கையால புடிச்சுது."

அவள் போன பிறகு கன்னியம்மா நெடுநேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பயம் என்று சொல்ல முடியாது. புருஷனுடைய கைக்கு என்ன பயம்? ரெண்டு கையால் பிடித்தார் என்பதுதான் அவளைக் குத்தியது. அது ஒற்றையாகவே சைக்கிளைத் தலைக்குமேல் தூக்குகிற கை.

பதினைந்தாம் நாள் மணி அடித்தபோது ஒரு தடவைதான் முழுதாகக் கேட்டது. இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. கன்னியம்மா கூடையை இறக்கினாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கீழே பார்த்தாள்.

நல்ல வெயில். கீழே துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. தண்ணீர்க் குழாய்கிட்டே இரண்டு பொம்பளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பொம்பளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகு வளைந்து, தலை குனிந்து, காசில் இருக்கிற அதே ஆள் மாதிரி இருந்தார். முகம் தெரியவில்லை. கோடித்துணி வியர்வையில் முதுகோடு ஒட்டி, எலும்பு ஒவ்வொன்றும் எண்ணும்படி இருந்தது. மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் செயினில் நசுங்கிக் கருத்திருந்தன. கட்டைவிரல்களைக் கட்டிய துணி அறுந்து, ஒரு முனை பெடலில் சுற்றிக்கொண்டு கிடந்தது. சைக்கிள் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் கால்கள் மிதித்துக்கொண்டே இருந்தன. நிறுத்தத் தெரியாதது மாதிரி, நிறுத்த யாரோ விடாதது மாதிரி மிதித்துக்கொண்டே இருந்தன.

அவர் ஒருதடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றை இரண்டு தடவை சுண்டினார். கூடையில் பந்தயக் காசு வந்தது. டம்ளரில் பாதி டீ மிச்சம் இருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டு மிதிக்கிறவன்தான் பாவம் என்று அவர் சொன்னது அவள் காதில் கேட்டது. இத்தனை நாளும் அவரை அப்படி மாட்டிவைத்தது யார்? எமனும் இல்லை, அம்மனும் இல்லை. ஒரு மஞ்சள் துணியை அவிழ்க்க மனசு வராத இந்தக் கன்னியம்மாதான். தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். செத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை.

பதினாறாம் நாள் காலையில் காரியம் நடந்தது. விக்கி எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்தான். வந்தவர்கள் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, மூன்று மணிக்குள் கிளம்பிவிட்டார்கள். பந்தயத்தின் கடைசி நாள் இன்றைக்குத்தான் என்று ஹபீபுர் ரஹ்மான் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அவர் சும்மா ஞாபகத்தில் சொன்னார், பாவம்.

மூன்றரைக்குக் கன்னியம்மா டீக்குத் தண்ணீர் வைத்தாள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியை எடுத்தாள். மஞ்சள் காய்ந்து முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. நகம் நுழையவில்லை. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வாயெல்லாம் மஞ்சள் கசந்தது. "தாயே, நான் கேட்டத நீ குடுத்துட்ட. போதும்" என்றாள்.

மணி அடித்தது. அது மணி என்று அவளுக்குத்தான் தெரியும். வேறு யாராவது கேட்டிருந்தால் ஆணி ஒன்று விழுந்தது என்று நினைத்திருப்பார்கள்.

டம்ளர் நிறைய டீயை ஊற்றி மூடினாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ரூபாயை அதன் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் யோசித்துவிட்டு பந்தயக் காசையும் எடுத்து இன்னொரு பக்கம் வைத்தாள். எது வேண்டுமோ அவரே எடுத்துக்கொள்ளட்டும். அத்தனை அழுத பிறகும் அவளுடைய மனசில் ஒரு மூலையில், அவர் ஆசை ஆசையாக வைத்திருந்த பந்தயக் காசைத்தான் எடுப்பார், ஒரு ரூபாயை விட்டுவிடுவார், நாளைக்கும் வருவார் என்று இருந்தது. அதை அவள் மறைக்கவில்லை. மறைத்துத்தான் என்ன ஆகப்போகிறது?

கூடை இறங்கியது. முதல் மாடி ஜன்னலில் ஆரோக்கியமேரி ஜெபம் சொல்கிற சத்தம் கேட்டது, கூடை தாண்டியதும் அந்தச் சத்தம் நின்றது. கூடை தரையைத் தொட்டது.

டீ குடிக்கிற நேரம்வரை காத்திருக்க வேண்டும் என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஆனால் தொட்ட உடனே கயிறு சுண்டியது. ஒரே ஒரு சுண்டல்.

இழுத்தாள். கூடை போனபோது இருந்த அதே கனத்தில் வந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை என்று அவளுடைய நெஞ்சு குதித்தது.

கூடையில் பந்தயக் காசு இருந்தது. ஒரு ரூபாய் இல்லை. டம்ளரின் மூடிகூடத் திறக்கப்படவில்லை.

கீழே எட்டிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயும் காய்கிற துணிகளும்தான் தெரிந்தன. சைக்கிள் மாடிப்படியருகே பூட்டியபடி சுவரில் சாய்ந்திருந்தது. முன் டயர் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. அதன் கீழே கறுத்த இதழ்கள் நாலைந்து கிடந்தன.

விரலை எச்சிலில் தொட்டுப் பந்தயக் காசின்மேல் வைத்தாள். கரி அணைத்துக் கொட்டி, மறுநாள் காலையில் எடுக்கிற இஸ்திரிப் பெட்டி மாதிரி சில்லென்று இருந்தது. காசில் இருந்த ஆள் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தான். அவன் வேறு யாரோ ஒருவன்.

"ஒரு வாய் குடிச்சிட்டு தான் போனா இன்னா" என்றாள் கன்னியம்மா, காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்து.

ஜன்னலோரமாகவே உட்கார்ந்து மூடியைத் திறந்தாள். டீயில் ஏடு படிந்திருந்தது. அதை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்தாள். சர்க்கரை அவளுக்கு ரொம்ப அதிகம். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.